கற்பனை என்று சொல்லிவிட்டு வந்தேன்

கிளிநொச்சியில் ரயிலை விட்டு இறங்கியதும் ஓட்டோக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி எங்கே போகவேண்டும் என்பதல்ல. "தம்பி கனடாவோ, லண்டனோ?" என்றார். கனடா என்றேன். "கலியாணம் முடிஞ்சுதோ?" என்பது இரண்டாவது கேள்வி. இல்லை என்றேன். முரசுமோட்டை என்று நானாகச் சொன்ன பிறகுதான் வண்டியைக் கிளப்பினார்.

ரொறன்ரோவில் கிட்டத்தட்ட நான்கு வருடமாக ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். நான் வேலை செய்வது ஒரு நூலகத்தில். அதே பஸ்ஸில் அதே நேரத்துக்கு ஏறும் மனிதர் ஒருவர் இன்றுவரை என்னிடம் மணிகூடக் கேட்டதில்லை. முன்பெல்லாம் அதை மனிதத்தன்மை இல்லாத பழக்கம் என்று நண்பர்களிடம் குறை சொல்வேன். அந்த மௌனத்தில் ஒரு வசதி இருப்பது ஓட்டோவில் இருந்தபோதுதான் விளங்கியது. அங்கே யாரும் கேட்பதில்லை, அதனால் பொய் சொல்லவும் தேவையில்லை. இங்கே வந்திறங்கி ஐந்து நிமிடத்துக்குள் ஒன்றைச் சொல்லியாயிற்று. நானும் ஆண்ட்ரேயும் மூன்று வருடமாக ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் வாழ்கிறோம். கலியாணம் முடியவில்லை என்பது கடதாசியில் உண்மைதான். ஆனால் ஓட்டோக்காரர் கேட்டது கடதாசியைப் பற்றி அல்ல.

வந்த வேலை சின்னது. முரசுமோட்டையில் அம்மாவின் பெயரில் இருந்த அரை ஏக்கர் காணியைச் சித்தியின் பெயருக்கு மாற்றவேண்டும். அம்மாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருந்ததால், அவருக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரத்தோடு நான் வந்தேன். பத்து வயதில் இந்த ஊரை விட்டுப் போனவன் நான். சண்டை முடிந்த வருடத்தில் நான் பள்ளிக்கூட மைதானத்தில் பனியில் வழுக்கி விளையாடிக்கொண்டிருந்தேன். சித்தி குடும்பம் பதுங்குகுழியிலிருந்து பதுங்குகுழிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு கணக்கு எங்களுக்கிடையில் எப்போதும் இருக்கும். அவர்கள் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

எனக்குச் சொந்த வேலையும் ஒன்று இருந்தது. வசியைப் பார்க்கவேண்டும்.

வசியை நான்கு வருடங்களுக்கு முன்பு அறுவடைக் காலத்தில் சந்தித்தேன். படிப்பை முடித்துவிட்டு மூன்று மாதம் சித்தி வீட்டில் வந்து நின்றிருந்தேன். பக்கத்து வாய்க்கால் தெருவில் அவன் வீடு. அவனிடம் சிவப்பு நிறத்தில் ஒரு லான்ட்மாஸ்டர் இருந்தது. கையால் பிடித்து ஓட்டும் இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கு ஊரில் அதுதான் பெயர். அதன் முன்பக்கத்தில் 'மகேஸ்வரி' என்று தாயின் பெயரை வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தான். சூடான சைலன்சரில் பட்டு இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு. நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு போகும்போது என்னையும் பின்னால் பூட்டிய பெட்டியில் ஏற்றிக்கொள்வான். எனக்கு உழவு, விதைப்பு, தண்ணீர் முறை ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றையும் சிரிக்காமல் விளக்குவான். மூன்றாவது கிழமையில் அது நட்பு மட்டும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. இந்த நாட்டின் சட்டத்தில் அது இன்னும் குற்றம். சட்டத்தைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை. அவனுடைய அம்மாவைப் பற்றித்தான் யோசித்தோம்.

திரும்பிப் போய் இரண்டு வருடம் கழித்து ஓர் இணைய இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். ஆண்களை விரும்புகிறவன் நான் என்று முதல் தடவையாக எழுத்தில் சொன்னது அதில்தான். புனைபெயரில்தான் எழுதினேன். அதில் வசிக்கு இரண்டு பக்கம். வசி என்ற பெயரை வாசன் என்று மாற்றினேன். தழும்பை மாற்றவில்லை. லான்ட்மாஸ்டரின் நிறத்தை மாற்றவில்லை. முன்பக்கத்தில் எழுதியிருந்த பெயரைக்கூட அப்படியே விட்டேன், ஏனென்றால் அது அழகாக இருந்தது. ஸ்காபரோவில் ஒரு சின்னக் கூட்டத்தில் அந்த இரண்டு பக்கத்தை வாசித்தேன். இரண்டு பேர் அழுதார்கள். கைதட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் ஆண்ட்ரே கேட்டான்: "அந்த ஆளுக்கு இது தெரியுமா?"

"அவன் இதெல்லாம் வாசிக்கமாட்டான்," என்றேன்.

அந்தப் பதிலை நான் எத்தனையோ தடவை திரும்ப நினைத்திருக்கிறேன். வயல் செய்கிறவன் வாசிக்கமாட்டான் என்று நான் எப்படி முடிவு செய்தேன் என்று தெரியவில்லை.

அதன் பிறகு வசி என் செய்திகளுக்குப் பதில் போடவில்லை. புது ஃபோன் வாங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சுகமாக இருந்தது.

சித்தி மத்தியானச் சாப்பாட்டுக்கு விரால் மீன் குழம்பு வைத்திருந்தார். குளத்து மீன், காலையில் பிடித்தது. கூடவே முருங்கையிலை வறை, பொரித்த மோர் மிளகாய், சிவப்பரிசிச் சோறு. ரொறன்ரோவில் நானே சமைப்பேன், சமையல் எனக்குப் பிடித்த காரியம், ஆனால் உறைந்த மீனை வைத்துக்கொண்டு அந்தக் குழம்பை ஒருபோதும் பிடிக்க முடிந்ததில்லை. இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டு, குரலைச் சாதாரணமாக வைத்துக் கேட்டேன்: "வசி இப்பவும் லான்ட்மாஸ்டர் ஓடுறானோ?"

சித்தி கரண்டியைச் சட்டிக்குள் விட்டார். பதில் சொன்னது பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பா.

"அவன் இஞ்சை இல்லை. உனக்குத் தெரியாதே? வெளிநாட்டிலை இருந்து ஆரோ ஒருத்தன் எழுதிப்போட்டான், இவனும் தானும் அப்பிடி இப்பிடி எண்டு. பேரை மாத்தித்தான் எழுதினவன். ஆனா கையிலை தழும்பு, சிவப்பு லான்ட்மாஸ்டர், முன்னுக்குத் தாயின்ரை பேர். இந்தப் பக்கத்திலை வேறை ஆரிட்டை இருக்கு?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"ஊர்ச் சங்கத்து வட்சப்பிலை ஒருத்தர் போட்டுவிட்டார். இவனுக்குப் பேசின பொம்பிளை வீட்டுக்காரரும் பாத்திட்டினம். கலியாணத்துக்கு மூண்டு கிழமை இருக்கேக்கை நிப்பாட்டிப்போட்டினம். இவன் ஒண்டும் கதைக்காமல் வெளிக்கிட்டு நெடுங்கேணிக்குப் போயிட்டான். மகேஸ் தனியத்தான் இருக்கிறா, பாவம்."

"எழுதினது ஆரெண்டு தெரியேல்லையோ?" என்று கேட்டேன்.

கேட்டது நான்தான். என் வாயால், மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். தெரியாது என்றார் சித்தப்பா. பிறகு அப்படிப்பட்ட ஆட்களைப் பற்றி ஒரு பகிடி சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். நான் சிரித்தேன். சித்தி சிரிக்கவில்லை. அந்த மேசையில் சிரித்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

அடுத்த நாள் காணி வேலை. கிளிநொச்சியில் அலுவலகம், வரிசை, மூன்று கையெழுத்து, ஒரு கைநாட்டு. சித்தி சீலையில் வந்து, நல்லநாள் போல் தலையில் பூ வைத்திருந்தார். வேலை நினைத்ததைவிட வேகமாக முடிந்தது. சந்தைப் பக்கம் போய் வடை சாப்பிட்டு, பால் விடாத பிளேன்ரீ குடித்தோம். சித்தி மரக்கறி வாங்க உள்ளே போனபோது, வாசலில் ஓர் அம்மா என் கையைப் பிடித்தார். கையில் இரண்டு கட்டு முருங்கைக்காய் இருந்தது.

"அருண் எல்லோ நீ? நல்லா மெலிஞ்சுபோனாய். கொம்மாவின்ரை முழங்கால் எப்பிடி?"

மகேஸ் அன்ரி. வசியின் அம்மா. என் பெயர், அம்மாவின் முழங்கால் எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. சுகம் என்றேன். ஒரு கட்டு முருங்கைக்காயை என் பைக்குள் வைத்தார்.

"வசி நெடுங்கேணியிலை மெக்கானிக் கடையிலை நிக்கிறான். வேலை கூட. நான் எடுத்தா ஃபோன் எடுக்கிறானில்லை. நம்பர் மாத்திட்டான், சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன்தான் புது நம்பரை எனக்குத் தந்தவன். நீ கூட்டாளிதானே, ஒருக்கா எடுத்துக் கதைச்சுப் பார் தம்பி."

அவர் சொல்லச் சொல்ல நான் அந்த இலக்கத்தை என் ஃபோனில் பதிந்துகொண்டேன். பின்னேரம் வசிக்குச் செய்தி அனுப்பினேன். 'அருண். முரசுமோட்டையில் நிற்கிறேன். நாளைக்கு வரலாமோ?' ஒரு மணித்தியாலம் கழித்துப் பதில் வந்தது. 'மத்தியானம் வா.'

கிளிநொச்சியில் வவுனியா போகும் பஸ்ஸில் ஏறி, புளியங்குளத்தில் இறங்கி, அங்கிருந்து நெடுங்கேணிக்கு வேறு பஸ் எடுக்கவேண்டும். பஸ்ஸில் பாட்டு உச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. சாரதிக்கு மேலே நான்கு கடவுள்மாரும் ஒரு மின்விளக்கு மாலையும் இருந்தன. நான் மடியில் கொப்பியை வைத்து, வசியிடம் சொல்லவேண்டியதை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி, வெட்டி, திரும்ப எழுதினேன். 'உன்னைக் காயப்படுத்தவேண்டும் என்று நினைக்கவில்லை' என்று ஒரு வசனம். நல்லாயில்லை, வெட்டினேன். 'என் உண்மையைச் சொல்லப் போனதில் உன் உண்மையும்' என்று இன்னொன்று. அது நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததாலேயே அருவருப்பாகவும் இருந்தது. தலையை நிமிர்த்தியபோது புளியங்குளம் எப்போதோ போய்விட்டது.

"புளியங்குளம் எண்டு மூண்டு தரம் கத்தினனான் அண்ணை," என்றார் நடத்துநர். "நீங்கள் பரீட்சை எழுதுற மாதிரி எழுதிக்கொண்டிருந்தீங்கள்."

ஓமந்தையில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, வந்த வழியே திரும்பினேன். புளியங்குளத்தில் நெடுங்கேணி பஸ்ஸும் போயிருந்தது. தரிப்பிடத்தில் ஓர் அம்மா இரண்டு உரப்பைகளோடு உட்கார்ந்திருந்தார். பேச்சிலேயே மலையகம் தெரிந்தது. அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு இந்தப் பக்கம் வந்து காடு வெட்டியவர். இவர் இங்கேயே பிறந்து, இங்கேயே கச்சான் கடலை போட்டுப் பிழைக்கிறார்.

"இங்கனதான் பொறந்தேன். இன்னமும் எந்த ஊருன்னு கேக்குறாங்க," என்றார். பிறகு பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பாதியைப் பிய்த்து, சம்பலை நடுவில் வைத்து என்னிடம் நீட்டினார். தேங்காய்ப்பூ போட்ட தடித்த ரொட்டி. காலையில் சாப்பிடாமல் வந்தவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"யாரப் பாக்கப் போறீங்க?"

"ஒரு கூட்டாளியை."

"சண்டைங்களா?"

"ஏன் கேக்கிறீங்கள்?"

"சும்மா பாக்கப் போறவங்க வாய்க்குள்ளயே பேசிப் பேசிப் பாக்கமாட்டாங்க தம்பி."

நான் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தேன். பைக்குள் ஆண்ட்ரே வாங்கித் தந்த சொக்கிலேற் பெட்டி இருந்தது. திறந்து பார்த்தேன். வெயிலில் எல்லாம் உருகி ஒரே கட்டியாகியிருந்தது. அந்த அம்மாவிடம் கொடுத்தேன். பேரப்பிள்ளைகள் கரண்டியால் வழித்துத் தின்னும் என்று சந்தோசமாக வாங்கிக்கொண்டார். வெறுங்கையோடு நெடுங்கேணிக்குப் போனேன்.

கடை சந்தைக்குப் பக்கத்தில் இருந்தது. தகரக் கூரை, முன்னால் கழற்றிய உழவு இயந்திரங்கள். வசி ஒரு என்ஜினுக்குக் கீழே படுத்திருந்தான். என் சப்பாத்தைப் பார்த்துத்தான் நான் வந்தது தெரிந்திருக்கவேண்டும். எழும்பி வந்து கையைத் துணியில் துடைத்தான். கை தரவில்லை. மெலிந்திருந்தான், தாடி விட்டிருந்தான்.

"சாப்பிட்டனியே?" என்றான்.

பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். இரண்டு பார்சல் சோறு வாங்கி, கடைக்குப் பின்னால் ஒரு வேம்புக்குக் கீழே இருந்து சாப்பிட்டோம். அவன் முதலில் பாதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தான். பிறகு சொன்னான்.

"வாசிச்சனான். நாலைஞ்சு தரம். நல்லாத்தான் எழுதியிருக்கிறாய்."

கொப்பியில் எழுதியதை நான் தொடங்குமுன் அவனே தொடர்ந்தான்.

"ஒண்டு பிழை. அண்டைக்கு மழை பெய்யேல்லை. வயல் கொட்டிலுக்குள்ளை நாங்கள் இருக்கேக்கை நல்ல வெயில். நீ மழை எண்டு எழுதியிருக்கிறாய்."

"ஓம்," என்றேன். "மழை எண்டால் நல்லாயிருக்கும் எண்டு..."

"மழையை உண்டாக்கத் தெரிஞ்ச உனக்கு என்ரை கையை மாத்தத் தெரியேல்லையே?"

அவன் குரலை உயர்த்தவில்லை. கேள்வியாகத்தான் கேட்டான், பதிலை உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் போல. என்னிடம் பதில் இருந்தது. உன் கை எனக்கு அழகாக இருந்தது, அதை எழுதாமல் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மன்னித்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். புனைபெயர் வைத்து என்னை மறைத்த அளவுக்கு உன்னை மறைக்கவில்லை என்றேன்.

"கலியாணம் நிண்டது எனக்குப் பெரிய கவலை இல்லை," என்றான் வசி. "அந்தப் பிள்ளையின்ரை பேரும் எல்லோ இழுபட்டது. அதுதான் கவலை. மற்றது, நான் உன்னை மாதிரி இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா அதைச் சொல்லுறதோ விடுறதோ என்ரை விசயம். நீ என்ரையையும் சேத்துச் சொல்லிப்போட்டாய்."

"அந்தக் கட்டுரையை எடுத்துவிடச் சொல்லுறன்."

"எடுத்து என்ன? எல்லாற்றை ஃபோனிலையும் படமாக் கிடக்கு."

கை கழுவி வந்தான். நான் என்ன செய்தால் நல்லது என்று கேட்டேன். அவன் கையைத் துணியில் துடைத்தபடி சொன்னான்.

"அம்மா என்னைக் கேட்டவா. 'பொய் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு, நான் ஊரோடை சண்டைக்குப் போறன்' எண்டு கேட்டவா. என்ரை வாயாலை சொல்ல ஏலாமல் போச்சு. அவாவுக்கு முன்னாலை நிண்டு பொய் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. அதுதான் வெளிக்கிட்டு வந்தனான். நீ போய்ச் சொல்லு. நான்தான் எழுதினது, கற்பனை எண்டு சொல்லு. உனக்கு அது தொழில்தானே."

கடைசி வசனத்தைக் குத்தலுக்காகச் சொன்னானா, சாதாரணமாகச் சொன்னானா தெரியவில்லை. ஓம் என்றேன். பஸ் வரும்வரை கூட நின்றான். ஏறும்போது, "பாத்துப் போ," என்று மட்டும் சொன்னான்.

நீங்கள் இப்போது வாசிக்கும் இந்தக் கட்டுரையைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். எழுதி முடித்ததும் முதலில் வசிக்குத்தான் அனுப்பினேன். அவன் தன் பெயரையும் தாயின் பெயரையும் மாற்றினான். வண்டியின் நிறத்தை மாற்றினான். தழும்பை உடம்பில் வேறு இடத்துக்கு நகர்த்தினான். ஊர்களையும் கொஞ்சம் இடம் மாற்றியிருக்கிறான். எவ்வளவு என்று சொல்லமாட்டேன். 'மிச்சம் இருக்கட்டும்' என்று எழுதியிருந்தான். அதனால்தான் மிச்சத்தை எழுதுகிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கொப்பியைத் திறக்கவில்லை. என் பதினெட்டாவது வயதிலிருந்து நான் கட்டிக்காத்த ஒரே நம்பிக்கை, என்னைப் பற்றி உண்மையை எழுதவேண்டும் என்பது. அதற்காகத்தான் எழுத வந்தேன். இப்போது நான் எழுதியதில் மிகவும் உண்மையான இரண்டு பக்கத்தைப் பொய் என்று சொல்லப் போகிறேன். எனக்கு அது பெரிய தியாகம்போல் தோன்றத் தொடங்கியது. அப்படித் தோன்றுவதைக் கண்டு எனக்கே கூசியது.

அடுத்த நாள் காலை, சித்தப்பா வயலுக்குப் போன பிறகு, குசினியில் சித்தியிடம் சொன்னேன். சித்தி புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார்.

"சித்தி, வசியைப் பற்றி எழுதினது நான்தான். அவனைப் பற்றி எழுதினது கற்பனை. என்னைப் பற்றி எழுதினது உண்மை."

அந்த மூன்று வசனத்தை ஒழுங்குபடுத்த எனக்கு ஓர் இரவு தேவைப்பட்டது. சித்தி மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கொம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஓம். மூண்டு வருசமாத் தெரியும்."

"கிழமைக்கு ரெண்டு தரம் கதைக்கிறவா. எனக்குச் சொல்லேல்லை." அவருடைய கண் நிறைந்தது. அவர் அழுதது என்னை நினைத்தா, அக்காவை நினைத்தா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு, "கொப்பன் மாதிரி வாயைத் திறக்காமல் இருந்து சாப்பிட்டனீ. இவர் அண்டைக்குக் கதைக்கேக்கை நீயும் சிரிச்சனீ," என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மகேஸ் அன்ரி வீட்டுக்குக் கூட வருவீர்களா என்று கேட்டேன்.

"எழுதேக்கை என்னைக் கூட்டிக்கொண்டு போய் எழுதினனியே? தனியப் போ."

தனியப் போனேன். வாய்க்கால் ஓரமாக ஐந்து நிமிட நடை. மகேஸ் அன்ரி முற்றத்தில் அவித்த நெல்லைப் பாயில் பரப்பி, வெறுங்காலால் கோடு கோடாக இழுத்து நடந்துகொண்டிருந்தார். வெயில் ஏறிவிட்டிருந்தது. மூலையில் லான்ட்மாஸ்டர் தார்ப்பாய்ப் படங்கால் மூடிக் கிடந்தது.

"வா தம்பி. அவனோடை கதைச்சனியே?"

"நேற்றுப் போய்ப் பாத்தனான் அன்ரி. சுகமா இருக்கிறான்." பிறகு நிறுத்தினால் சொல்லமாட்டேன் என்று தெரிந்ததால் மூச்சு விடாமல் சொன்னேன். "அந்தக் கட்டுரையை எழுதினது நான். வசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. அவனைக் கண்டு, அவன்ரை வண்டியைக் கண்டு, மிச்சத்தை நான் கற்பனையா எழுதினனான். என்னாலைதான் எல்லாம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் நடப்பதை நிறுத்தவில்லை. பாயின் அந்த முனைக்குப் போய், திரும்பி, இந்த முனைக்கு வந்தார். காலுக்குக் கீழே நெல் சரசரவென்று ஒதுங்கியது. இன்னொரு தரம் போய் வந்தார்.

"அந்தப் பேர் அவன் எழுதினது, தேப்பன் செத்த வருசம். தேப்பன்ரை பேரைப் போடடா எண்டனான். 'இருக்கிற ஆளின்ரை பேரைத்தான் போடுவன்' எண்டவன்." குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். "கற்பனைக்கு என்ரை பேர் எதுக்குத் தம்பி?"

பிழை என்றேன். திரும்பவும் பிழை என்றேன்.

"நீ கலியாணம் கட்டேல்லையோ?"

"இல்லை அன்ரி. எனக்கு ஒரு ஆள் இருக்கிறான். அங்கை, கனடாவிலை." இந்த ஊருக்கு வந்த பிறகு ஆண்ட்ரேயைப் பற்றி நான் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரிடம் சொல்லக்கூடாதோ அவரிடமே சொல்லியிருந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு, "உன்ரை ஃபோனிலை அவனை எடு. நான் எடுத்தா எடுக்கமாட்டான்," என்றார். கையிலும் காலிலும் நெல் ஒட்டியிருந்ததால் என்னையே பிடிக்கச் சொன்னார். நான் ஒலிபெருக்கியை அழுத்தி, அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன்.

இரண்டாவது மணியில் வசி எடுத்தான். நாங்கள் ஒரு சொல்லும் சொல்ல முதலே அவன் கேட்டான்.

"சொல்லிப்போட்டியே? அம்மா நம்பிட்டாவே?"

முற்றம் முழுக்கக் கேட்டது. நான் ஃபோனை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். மகேஸ் அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நெல் ஒட்டிய விரல்கள். அவருடைய கண் என்னிடம் இல்லை, பாயில் இருந்தது. அந்தப் பக்கம் வசி, "அருண்? டேய்?" என்றான்.

"ஓம் மோனை," என்றார் மகேஸ் அன்ரி. "நம்பிட்டன். நீ ஞாயிற்றுக்கிழமை வீட்டை வா."

அந்தப் பக்கத்தில் யாரோ இரும்பில் தட்டுவது மட்டும் கேட்டது. பிறகு, "வாறன் அம்மா," என்றான். இணைப்பு அறுந்தது.

அவர் என் மணிக்கட்டை விட்டார். திரும்பப் பாயில் ஏறி, கலைந்த கோடுகளைக் காலால் சரி செய்யத் தொடங்கினார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"கொம்மாவை நான் விசாரிச்சதெண்டு சொல்லு," என்றார். திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

படலைக் கதவைச் சாத்திவிட்டு வாய்க்கால் ஓரமாக நடந்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, தலை கொதித்தது. இந்த ஊரில் நான் படியேறிய எந்த வீட்டிலும் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார்கள். மகேஸ் அன்ரி எனக்குக் கதிரை போடவில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. கால் மணித்தியாலத்துக்கு மேல் நான் அந்த வெயிலில் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். றோட்டுக்கு வந்த பிறகுதான் அதைக் கவனித்தேன்.